கிருமியின் பெயர் என்ன? துப்புத் துலக்கும் ஆராய்ச்சிக்கூடம்!

திருவண்ணாமலை. கார்த்திகை தீபத் திருநாள். மாலை 6 மணி.

2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில், கொப்பரையில் தீபம் எரிகிறது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்ற கோஷம் வானை முட்டுகிறது. 11 நிலை ராஜகோபுரத்தின் முன்னால் எங்கே பார்த்தாலும் மனிதத் தலைகள்! பிறகு கூட்டம் மலையைச் சுற்றக் கிளம்புகிறது. 14 கிலோ மீட்டர் நடை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. தடியை ஊன்றிக்கொண்டு நடக்கும் கிழவிகள் உண்டு. நடந்தால் தாகம் எடுக்கும். வழியில் கிடைக்கும் தண்ணீரைக் குடிப்பார்கள். கிடைக்கும் சாதத்தைச் சாப்பிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு நடு இரவில் வாந்தி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயிற்றாலும் போகிறது. கஞ்சித் தண்ணீரைப் போலப் போகிறது. கண் குழி விழுகிறது. கை கால் இழுத்துக்கொள்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

டாக்டருக்கு இப்போது இரண்டு வேலைகள்.

முதல் வேலை, உயிரைக் காப்பாற்றுவது. உடம்பிலிருந்து போன நீரையும் உப்பையும் உடனே உள்ளே செலுத்த வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடிக்க முடியாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக சலைன் ஏற்றுவார்கள். எந்தச் சோதனையின் முடிவுக்காகவும் இது காத்திருக்காது. காத்திருக்கவும் கூடாது. காலராவாக இருந்தால் சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவார்.

இரண்டாவது வேலை, ஊரைக் காப்பாற்றுவது. அதற்கு ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்.

"இது எந்தக் கிருமி?"

கெட்டுப்போன சாப்பாட்டில் வந்த கிருமியா? அப்படியானால் அந்தச் சாப்பாட்டை எறிந்து, அந்த அடுப்பை அணைத்தால் போதும். காலராக் கிருமியா? அப்படியானால் தண்ணீர்த் தொட்டிகள், கிணறுகள், குழாய்கள் அத்தனையையும் பார்த்தாக வேண்டும். கூட்டம் கலைந்து ஊருக்குப் போவதற்குள் பார்த்தாக வேண்டும்! இல்லாவிட்டால் நூறு ஊர்களுக்கு அந்தக் கிருமியும் டிக்கெட் வாங்காமல் பயணம் செய்யும்.

மலையடிவாரத்தில் வந்த நோய்கள்

இந்த ஊருக்குக் கிருமி புதிதல்ல.

1905-ம் ஆண்டு திருவண்ணாமலையில் பிளேக் நோய் பரவியது. மலையில் தங்கியிருந்த ரமண மகரிஷி, அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே இருந்த பச்சையம்மன் கோவிலுக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தார். 1914-ம் ஆண்டு, மகனைப் பார்க்க வந்த அவருடைய தாயார் அழகம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். டைபாய்டு என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். விரூபாட்சி குகையில் மகனே அருகில் இருந்து பார்த்துக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு அம்மையார் பிழைத்து எழுந்தார். டைபாய்டுக்கு அந்தக் காலத்தில் குறி தவறாத மருந்து கிடையாது.

இன்று மருந்து இருக்கிறது. ஆனால் எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருந்து என்று தெரிய வேண்டுமே! டைபாய்டும் காய்ச்சல். மலேரியாவும் காய்ச்சல். டெங்குவும் காய்ச்சல். தொட்டுப் பார்த்தால் மூன்றும் சுடும்.

ஒரே ஜாடை!

கிருமியை பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். பார்த்தால் கிருமி தெரியும். பெயர் தெரியாது.

ஆயிரம் கிருமிகளை வால் பிடித்து வரிசையாக நிறுத்தினாலும் ஓர் எள்ளின் நீளத்தைத் தாண்டாது. அவ்வளவு சிறியது. உருவத்தில் மூன்று நான்கு வகைதான் உண்டு. சில உருண்டை. சில குச்சி. சில வளைந்த குச்சி. சில சுருள். ஆயிரக்கணக்கான இனங்கள் இந்த நாலைந்து உருவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ரேஷன் கடை வரிசையில் எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டு, முதுகைக் காட்டி நின்றால் யார் எவர் என்று எப்படிச் சொல்வது?

1884-ம் ஆண்டு டென்மார்க் நாட்டு டாக்டர் கிராம் ஒரு வழி கண்டார். கண்ணாடித் துண்டில் கிருமியைத் தடவி, ஊதாச் சாயம் ஊற்றுவது. பிறகு அயோடின் ஊற்றுவது. பிறகு சாராயத்தில் கழுவுவது. சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. சில கிருமிகளின் சாயம் வெளுத்துவிட்டது. வெளுத்தவற்றுக்கு இப்போது சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். ஆகவே கிருமி உலகம் ஊதாக் கட்சி, சிவப்புக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. இன்றைக்கும் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் முதல் சோதனை இதுதான்.

ஆனால் பாருங்கள், டைபாய்டுக் கிருமி சிவப்பு. காலராக் கிருமி சிவப்பு. நம் எல்லாருடைய குடலிலும் குடியிருக்கும் ஈ.கோலி என்ற கிருமியும் சிவப்பு! பெரும்பாலான ஈ.கோலியால் நமக்குக் கெடுதல் இல்லை. திருடனும் வீட்டுக்காரரும் ஒரே சட்டையில் நிற்கிறார்கள்.

மனைவி கொடுத்த யோசனை

அப்படியானால் என்ன செய்வது? கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அது எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது, தின்றபின் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும்.

ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி உருளைக்கிழங்குத் துண்டுகளில் வளர்த்துப் பார்த்தார். பிறகு ஜெலட்டின் என்ற பசையில் வளர்த்தார். ஜெலட்டின் வெயில் காலத்தில் உருகி ஓடியது. உடம்புச் சூட்டில் வைத்தாலும் உருகியது. நோய்க் கிருமிக்கோ உடம்புச் சூடுதான் பிடிக்கும்! சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிட்டன.

காக்கிடம் வேலை செய்தவர்களில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் ஒருவர். அவரும் இந்தத் தொல்லையால் திண்டாடினார். 1881-ம் ஆண்டு ஒரு நாள் தம் மனைவி பேனியிடம், "நீ செய்யும் ஜெல்லி மட்டும் வெயிலில் உருகாமல் இருக்கிறதே, எப்படி?" என்ற பாணியில் விசாரித்தாராம். அம்மையார் அதில் போட்டது அகார். ஜாவா தீவில் இருந்துவிட்டு வந்த அண்டை வீட்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட சமையல் ரகசியம் அது.

அகார் நமக்குத் தெரிந்த பொருள்தான். கடற்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் சொல்லி, பால் விட்டுக் காய்ச்சித் துண்டு போடுகிறோமே, அதுதான். ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள்.

உலகத்து ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் அகாருக்கு மாறின. காச நோய்க் கிருமியைப் பற்றி 1882-ல் காக் எழுதிய பிரசித்தி பெற்ற கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். அதை யோசனை சொன்ன அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை!

கல்கத்தாக் குளம்

அந்தக் காக்தான் காலராவைத் தேடி இந்தியாவுக்கு வந்தார். 1883-ல் எகிப்துக்குப் போனார். அங்கே நோய் அடங்கிவிட்டதால் அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். 1884-ம் ஆண்டுத் தொடக்கத்தில், காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்புள்ளி மாதிரி வளைந்த கிருமி அது. அவருக்கு முப்பது ஆண்டுக்கு முன்பே, 1854-ல், இத்தாலியில் பாச்சினி என்ற டாக்டர் அதைப் பார்த்திருந்தார். அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்கத்தாவில் ஒரு குளம். அதைச் சுற்றியிருந்த குடிசைகளில் பலருக்குக் காலரா. குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாம் அதே குளத்தில். காக் அந்தக் குளத்து நீரை எடுத்துச் சோதித்தார். அதே காற்புள்ளி! நோயாளியின் வயிற்றில் இருந்ததும் குளத்தில் இருந்ததும் ஒன்றே என்று அடையாளம் காட்டியதால்தான், காலரா தண்ணீரில் வருகிறது என்ற பேச்சுக்குச் சாட்சி கிடைத்தது.

கல்லுப்பில் ஒரு பயணம்

கிருமியை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோவதே ஒரு பெரிய பாடு. சின்ன ஊரில் நோய் வரும். ஆராய்ச்சிக்கூடம் பட்டணத்தில் இருக்கும். மாட்டு வண்டி, பிறகு ரயில் என்று மாதிரி போய்ச் சேருவதற்குள் காலராக் கிருமி செத்துப்போகும். அல்லது அதனுடன் இருக்கும் மற்றக் கிருமிகள் பெருகி அதை மூழ்கடித்துவிடும். சோதித்தவர், "காலரா இல்லை" என்று எழுதிவிடுவார். ஊரில் சாவு தொடரும்.

வேங்கடராமன், ராமகிருஷ்ணன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். 1941-ம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். அவர்கள் முறையை எளிதாக்கி மருத்துவ நூல்களில் கொடுத்திருக்கும் கணக்கு இது: ஒரு லிட்டர் வாலைவடிநீர். அதில் 20 கிராம் சாதாரணக் கடல் உப்பு. 5 கிராம் பெப்டோன் என்ற புரதச் சத்து. கொஞ்சம் காரத்தன்மை. அவ்வளவுதான்! சிறு புட்டிகளில் இதை ஊற்றி, நோயாளியின் மலத்தைச் சிறிது கலந்து மூடி அனுப்பலாம். காலராக் கிருமி இதில் பெருகாது. சாகவும் சாகாது. வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும்.

காரணம், அது உவர்நீரில் வாழப் பழகிய கிருமி. உப்பும் காரமும் மற்றக் கிருமிகளை அடக்கும். இதற்கு அது தாய்வீடு.

அந்த இருவரின் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து "வி.ஆர். திரவம்" என்று உலகத்து மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வேங்கடராமன், ராமகிருஷ்ணன் யார் என்று கேட்டால் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பச்சைத் தட்டில் மஞ்சள் புள்ளி

புட்டி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துவிட்டது. இனித் துப்புத் துலக்கும் வேலை.

ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் தொங்கவிட்டு பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். விளக்கைச் சுற்றும் கொசுக் கூட்டம் போலக் கிருமிகள் விர் விர்ரென்று பாய்கின்றன. சந்தேகம் வலுக்கிறது.

பிறகு தட்டில் தடவுகிறார்கள். காலராவுக்கென்றே பச்சை நிறத்தில் ஓர் அகார்த் தட்டு உண்டு. 1963-ல் ஜப்பானியர் செய்த தட்டு அது. உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைத்திருந்தால், காலைக்குள் அதில் மஞ்சள் புள்ளிகள் முளைக்கும். ஒவ்வொரு புள்ளியும் லட்சக்கணக்கான கிருமிகளின் குடியிருப்பு. தட்டில் கலந்திருக்கும் சர்க்கரையைத் தின்று புளிக்கவைத்ததால் வந்த மஞ்சள் அது.

டைபாய்டைத் தேடுவதற்கு வேறு தட்டு. அதில் பாலில் உள்ள சர்க்கரையைக் கலந்திருப்பார்கள். ஈ.கோலி அதைத் தின்றுவிடும். அதன் புள்ளி ரோஜா நிறமாகும். டைபாய்டுக் கிருமி பால் சர்க்கரையைத் தொடாது. அதன் புள்ளி நிறமின்றி இருக்கும். ஒரே சட்டைக்காரர்கள் இருவரும் சாப்பாட்டு இலையில் பிடிபட்டார்கள்!

அதன் பிறகும் விடுவதில்லை. மஞ்சள் புள்ளியைக் கொஞ்சம் எடுத்து மருந்து தோய்த்த காகிதத்தில் தேய்க்கிறார்கள். பத்து விநாடிக்குள் காகிதம் கருநீலமாக மாறினால் காலராவாக இருக்கலாம். ஈ.கோலியோ டைபாய்டோ அப்படி மாற்றாது. இன்னும் கொஞ்சம் எடுத்து, பித்த உப்புக் கரைசலில் குழைத்துக் குச்சியால் தூக்குகிறார்கள். வெல்லப்பாகு கம்பிப் பதம் வருகிற மாதிரி நூலாக நீண்டு வந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

கடைசிச் சாட்சி சீரம். ஒரு கிருமிக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள் அந்தக் கிருமியைத்தான் பிடிக்கும். வேறொன்றைப் பிடிக்காது. காலராச் சீரத்தில் ஒரு துளி விட்டுக் கலக்குகிறார்கள். மோர் பட்ட பால் திரிவது போலக் கிருமிகள் திரிதிரியாகத் திரண்டால், "காலராதான்!" என்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

டைபாய்டுக்கு நம் ஊர்களில் அதிகமாகச் செய்யும் "வைடால்" சோதனையும் இதே தத்துவம்தான். 1896-ல் வந்தது. நோயாளியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் ஒரு சங்கடம் உண்டு. எப்போதோ வந்துபோன காய்ச்சலும், போட்டுக்கொண்ட தடுப்பூசியும்கூட அதில் டைபாய்டு மாதிரி காட்டும். ரத்தத்தை எடுத்துக் கிருமியையே வளர்த்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. முதல் வாரத்தில், மருந்து சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்தால் கிருமி கிடைக்க வாய்ப்பு அதிகம். கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போனால், துப்பு அழிந்துபோகும்.

138 சாட்சிகளும் கைவிரித்தன!

1992-ம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஓர் அதிசயம் நடந்தது. பயங்கரமான அதிசயம்.

காலரா போலவே நோய். நோயாளிகளின் மலத்தில் காற்புள்ளி போலவே கிருமி. மஞ்சள் புள்ளி வந்தது. காகிதம் கருநீலமாயிற்று. நூல் நீண்டது. கடைசியில் காலராச் சீரத்தை விட்டுக் கலக்கினார்கள். பால் திரியவில்லை!

அதுவரை உலகத்தில் வந்த பெரிய காலராக் கொள்ளை நோய்கள் எல்லாம் "ஓ-1" என்ற ஒரே பிரிவால் வந்தவை. அந்தச் சீரத்தில் திரியாவிட்டால் "கொள்ளை நோய்க் காலரா அல்ல" என்று எழுதிவிட்டு அடுத்த புட்டியை எடுப்பதுதான் வழக்கம். அப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்படி விடவில்லை. மதுரையிலும் இதே கதை. திருவண்ணாமலைக்கு 80 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கும் வேலூரிலும் இதே கதை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலராக் கிருமியை விடாமல் கணக்கெடுத்து வந்தார்கள். அங்கே வழக்கமான ஓ-1 குறைந்து, இந்தப் புதியது பெருகுவதைக் கண்டு எழுதினார்கள். குழந்தைகளை மட்டுமின்றிப் பெரியவர்களையும் அது ஏராளமாகத் தாக்கியது. பழைய காலராவுக்கு எதிராக அவர்கள் உடம்பில் இருந்த சக்தி இதனிடம் பலிக்கவில்லை.

கிருமி வங்கக் கடலோரமாகவே வடக்கே போயிற்று. கல்கத்தாவை எட்டியது. வங்காள தேசத்துக்குள் புகுந்தது. 1993-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கே 1 லட்சம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள்.

ஜப்பானில் எல்லாவகைக் காலராச் சீரமும் வைத்திருந்தார்கள். அப்போது பதிவாகியிருந்த பிரிவுகள் 138. கிருமியை அங்கே அனுப்பி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 138-ம் கைவிரித்தன! ஆகவே பட்டியலில் புதிதாக ஓர் எண் சேர்ந்தது. அதுதான் "ஓ-139". வங்கக் கடலோரத்தில் கண்டதால் "பெங்கால்" என்று அடைமொழியும் கொடுத்தார்கள். சென்னையில் முதலில் தலைகாட்டிய கிருமிக்கு வங்காளத்தின் பெயர்!

பிற்பாடு அது மெல்ல அடங்கிவிட்டது. ஓ-1 மறுபடியும் தலையெடுத்தது. இப்போது காலரா என்று சந்தேகம் வந்தால் ஓ-1 சீரத்துடன் ஓ-139 சீரத்தையும் சேர்த்தே விட்டுப் பார்க்கிறார்கள்.

பறக்கும் புரதம்

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. தட்டில் வளர்ந்த புள்ளியைத் தொட்டு வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், கிருமியின் புரதங்கள் சிதறிப் பறக்கும். லேசானவை முந்தும். கனமானவை பிந்தும். எது எப்போது வந்து சேர்ந்தது என்று கணக்கெடுத்து, தன்னிடமுள்ள பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் இயந்திரம் பெயரைச் சொல்லிவிடும். கிருமியின் மரபணுவையே படித்துப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது. ஆனாலும் பதிவேட்டில் இல்லாத கிருமி வந்தால் லேசர் இயந்திரம் விழிக்கும். ஈ.கோலியையும், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவையும் பிரித்துச் சொல்வதில் அது இன்றைக்கும் தடுமாறுகிறது. அப்போது பழைய தட்டும் பழைய சீரமும்தான் கைகொடுக்கும்.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-ல் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்கிருமிப் பிரிவும் கட்டாயம் உண்டு. மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் காத்திருந்த காலம் போயிற்று.

கறுக்கும் புட்டி

நோயாளி வரும்வரை காத்திருக்காமல் தண்ணீரையே சோதிக்க முடியாதா? முடியும். வீட்டிலேயே முடியும்.

குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சாவும் அவருடைய தோழர்களும் 1982-ம் ஆண்டு ஒரு சிறு புட்டிச் சோதனையை வெளியிட்டார்கள். புட்டிக்குள் மருந்து தோய்த்த காகிதம் ஒன்று இருக்கும். குறியிட்ட கோடு வரை கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலம் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமிகள் ஒருவகைக் கெட்ட வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு. அது மருந்தில் பட்டால் தண்ணீர் கறுத்துவிடும்.

மாலையில் ஊற்றி வைத்தால் மறுநாள் பார்த்துவிடலாம். தண்ணீர் கறுத்திருந்தால் அதைக் குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். கிணற்றுக்கு அன்றைக்கே பிளீச்சிங் பவுடர் போடவேண்டும். சோதித்த புட்டியைக் குழந்தைகள் கையில் எட்டும்படி வைக்கக் கூடாது. அதற்குள் கிருமி பெருகியிருக்கும்.

எந்தக் கிருமி என்று அந்தப் புட்டி சொல்லாது. அதற்கு மறுபடியும் அகார்த் தட்டுக்கும் சீரத்துக்கும்தான் போகவேண்டும்.